பறவையாரும் பயணத் தகுதிச் சான்றிதழும்

ஒரு கிலோ என்றால் அது ஒரு கிலோவாக இருக்க வேண்டும் என்பது அரசின் கொள்கை. அந்தக் கொள்கையைக் காப்பதற்காக எடை அளவுத் துறையின் வட்டார அலுவலகத்தில் ஓர் இரும்புப் பெட்டகம் இருந்தது. பெட்டகத்துக்குள் மரப்பெட்டி, மரப்பெட்டிக்குள் நீல வெல்வெட், வெல்வெட்டின் மேல் பளபளவென்று ஒரு கிலோ எடைக்கல். ஊரிலுள்ள தராசுகளெல்லாம் அந்தக் கல்லுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கல்லோ ஆண்டுக்கு இரண்டு முறை தலைநகரத்துக்குப் போய், அங்கேயுள்ள மூத்த கல்லின் முன்னால் நின்று, தான் இளைக்கவுமில்லை பெருக்கவுமில்லை என்று நிரூபித்துவிட்டு வர வேண்டும். ரயிலில் போனால் குலுங்கும், கல்லின் உடம்புக்கு ஆகாது என்று விதி சொன்னதால் கல் விமானத்தில் போயிற்று. அதற்குத் துணையாகக் கண்காணிப்பாளர் போனார்.

இப்படிப் பன்னிரண்டு ஆண்டுகள். போகவும் வரவுமாக நாற்பத்தெட்டு முறை வானத்தில் பறந்ததால் அவருக்குப் பறவையார் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்த அலுவலகத்தில் வேறு எவரும் மொட்டைமாடிக்கு மேல் போனதில்லை.

பறந்தவருக்குக் கருத்துகள் சேர்வது இயற்கை. தேநீர் நேரத்தில் யாராவது வாயைத் திறந்து 'விமானம்' என்று சொல்லிவிட்டால் போதும், பறவையார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார்.

"ஜன்னல் சீட்டுக்கு ஆசைப்படாதீங்க. மேகம் பாக்கிறது அஞ்சு நிமிஷம். அப்புறம் ரெண்டு பேரை எழுப்பிவிட்டு எந்திரிச்சுப் போகணும். கயிறு கட்டுற ஷூ போடாதீங்க, சோதனையில குனிஞ்சு நிமிர்றதுக்குள்ள உயிர் போயிடும். பெட்டியில சிவப்பு நாடா கட்டுங்க, எல்லார் பெட்டியும் கறுப்பாத்தான் இருக்கும். எறங்கும்போது காது அடைக்கும், எதையாவது மெல்லுங்க. முக்கியமா, ஒரு செட் துணி கைப்பையில இருக்கட்டும். பெரிய பெட்டி உங்க கூடவே வரும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது."

விமானம் நின்ற மறுநொடி எழுந்து, கதவு திறக்கும்வரை கூரையில் தலை இடிக்கக் கூனிக்கொண்டு நிற்பவர்களைப் பற்றி அவருக்கு ஒரு தனி அபிப்பிராயம் உண்டு. அதைப் பெண் ஊழியர்கள் இல்லாதபோது சொல்வார்.

வீட்டில் மனைவி இதையெல்லாம் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை. "கல்லு போகுது, நான் போகலை" என்பார். குறையாகச் சொல்வதில்லை, தகவலாகச் சொல்வார்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, இயக்குநருக்கு ஒரு வெளிநாட்டு மாநாட்டிலிருந்து அழைப்பு வந்தது. இயக்குநர் பறவையாரைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார். பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பறவையார் ஒன்றரை மணி நேரம் ஆலோசனை சொன்னார். இயக்குநர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

எட்டாம் நாள் திரும்பி வந்த இயக்குநரின் முகம் சரியில்லை. அவர் ஒரு நாட்டில் இறங்க, அவருடைய பெட்டி இன்னொரு நாட்டில் இறங்கிவிட்டது. கைப்பையில் மாற்றுத் துணி கிடையாது. உடுத்தியிருந்த சட்டையில் விமானத்திலேயே குழம்பு கொட்டியிருந்தது. கடைசியில் விடுதிக்காரர்கள் இரக்கப்பட்டுக் கொடுத்த சமையல்காரர் சட்டையில்தான் மேடை ஏறினார். உரை முடிந்ததும் மூன்று நாட்டுப் பிரதிநிதிகள் அவரிடம் வந்து சூப் கேட்டார்கள்.

"ஒரு செட் துணி கைப்பையில வைக்கச் சொன்னேனே சார்," என்றார் பறவையார், மெதுவாக.

"சொன்னீங்க. எப்படிச் சொன்னீங்க?"

"வாயாலதான் சார்."

"அங்கதான் தப்பு. எழுத்து மூலமா வராத எதையாவது நான் இதுவரைக்கும் செஞ்சிருக்கேனா? சுற்றறிக்கையா வந்திருந்தா கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு, துணியை வச்சிருப்பேன்."

பறவையார் உள்ளூரக் குளிர்ந்துபோயிருந்தார். தன்னுடைய கருத்துகள் சுற்றறிக்கையாவது எத்தனை பேருக்கு வாய்க்கும்? இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினார். முப்பத்தொரு விதிகள் வந்தன. பயணம் போகும் ஊழியர் ஒவ்வொருவரும் வாய்மொழித் தேர்வில் தேறித் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. முறைகேடு நடந்துவிடக் கூடாதே என்று, இருபத்தேழாம் விதியாக, 'பயணத் தகுதிச் சான்றளிக்கும் அலுவலர் தமக்கோ தம் உறவினருக்கோ சான்றளிக்கலாகாது' என்பதையும் சேர்த்தார். சான்றளிக்கும் அலுவலர் அவரேதான்.

டைப் அடிக்கும் அம்மாவுக்குப் 'பொருள்' என்ற இடத்தில் வரி நீண்டு இரண்டாம் வரிக்குப் போவது பிடிக்காது. 'விமானப் பயணம்' என்பதில் 'விமானப்' என்பதை எடுத்துவிட்டார். வரி அழகாக அடங்கியது. சுற்றறிக்கை அன்று மாலையே நடைமுறைக்கு வந்தது.

ஆக, எல்லாப் பயணமும் பயணமே என்றாயிற்று. சந்தைக்குப் போய்த் தராசு சோதிக்கும் ஆய்வாளர் மூன்று மணி நேரம் முன்னதாகப் புறப்பட வேண்டும். சந்தை அலுவலகத்துக்கு எதிர்ப்புறம், தெருவைக் கடந்தால் வந்துவிடும். அவர் காலை ஏழு மணிக்கு வந்து, பெல்ட்டைக் கழற்றி வாயிற்காவலர் நீட்டிய தட்டில் வைத்து, அடையாள அட்டையின் இரண்டு நகல்களைக் காட்டி, காலித் தண்ணீர்ப் புட்டியோடு பத்து மணிவரை நடைபாதையில் உட்கார்ந்திருப்பார். பத்து மணிக்குத் தெருவைக் கடப்பார். கடக்கும்போது எதையாவது மெல்லுவார். மூன்று மணி நேரமாக அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்ட கடைக்காரர்கள், அதற்குள் தராசுகளைத் திருத்தி வைத்திருப்பார்கள்.

தராசுக்கு முத்திரை வாங்க வந்த ஒரு கடைக்காரரை வாயிலிலேயே நிறுத்தினார்கள்.

"உங்க வரிசை எண் இன்னும் கூப்பிடலை."

"இங்க நான் ஒருத்தன்தானேங்க நிக்கிறேன்?"

"அதனால என்ன? முதல்ல கைக்குழந்தையோட வந்தவங்க, அப்புறம் வயசானவங்க, அப்புறம் ஒண்ணாம் பிரிவு, ரெண்டாம் பிரிவு. நீங்க நாலாம் பிரிவு."

"அவங்க யாரும் வரலையே?"

"வரலைன்னா வர்ற நேரம் முடியணும் இல்லையா?"

கடைக்காரர் யோசித்துப் பார்த்தார். மறுநாள் தங்கையின் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். உடனே வேலை முடிந்தது. அதற்கடுத்த வாரம் வாயிலில் முப்பது கைக்குழந்தைகள் இருந்தன. அவற்றில் சில இரண்டு மூன்று கைகளுக்கு மாறிக்கொண்டிருந்தன.

அலுவலகத்துக்குள்ளே கழுத்துத் தலையணை நாகரிகம் பரவியது. பதினோராம் விதி அதைப் 'பரிந்துரைக்க' மட்டுமே செய்திருந்தது. ஆனால் பதிவேட்டுப் பிரிவுத் தலைவி ஒரு நாள் ஊதா நிறத் தலையணையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்ததும், மற்றவர்கள் வெறுங்கழுத்தோடு இருப்பது அவமானமாகிவிட்டது. ஒரு வாரத்தில் எல்லார் கழுத்திலும் ஒன்று. கீழ்நிலை எழுத்தர் ஒருவருடையது இயக்குநருடையதைவிடப் பருமனாக இருந்ததால் அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. கழுத்து திரும்பாத காரணத்தால் யாரும் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துப் பேச முடியவில்லை. எழுத்து மூலம் தொடர்புகொண்டார்கள். கோப்புகள் பெருகின. அந்தக் காலாண்டில் துறையிலேயே அதிகக் கோப்புகள் உருவாக்கிய அலுவலகம் என்று பாராட்டு வந்தது.

பறவையார் நடைபாதையில் நடந்தால் வாயிற்காவலர்கூட எழுந்து நின்றார். இத்தனை காலம் எங்கே போயிருந்தது இந்த மரியாதை என்று அவருக்கு இருந்தது.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டிலிருந்த மகள் போன் செய்தாள். நிறைமாதத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.

"அப்பா, டாக்டர் இன்னும் பத்து நாள்கூடத் தாங்காதுன்னு சொல்றாங்க. இவரும் வேலை விஷயமா வெளியூர்ல மாட்டிக்கிட்டார். நீங்க ரெண்டு பேரும் வர்றீங்களாப்பா? எனக்குப் பயமா இருக்கு."

கேட்டுக்கொண்டிருந்த மனைவி அடுப்பை அணைத்தார். "நாளைக்கே கிளம்பலாம். துணியை எடுத்து வைக்கிறேன்."

பறவையார் மறுநாள் இயக்குநர் முன்னால் விடுப்பு விண்ணப்பத்தோடு நின்றார்.

"தாராளமாப் போய்ட்டு வாங்க. தகுதிச் சான்றிதழ் எங்கே?"

"சான்றிதழ் தர்ற அலுவலரே நான்தானே சார்."

"அப்ப நீங்களே உங்களுக்குக் குடுத்துக்க முடியாது. விதி இருக்கே." இயக்குநர் சுற்றறிக்கையைப் புரட்டினார். "இருபத்தேழு. நல்ல விதி. ஓட்டையே இல்லை. யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

"அருமை."

"சார், என் மக தனியா இருக்கா. தலைப் பிரசவம். நான் நாப்பத்தெட்டு தடவை பறந்தவன்."

"அதேதான் சிக்கல். உங்களைப் பரிசோதிக்கணும்னா உங்களைவிட அதிகமாப் பறந்தவர் வேணும். தேடச் சொல்றேன். நீங்க எழுதின விதியை நீங்களே மீறினா, மத்தவங்க தெருவைக் கடக்கும்போது எதையாவது மெல்லுவாங்களா?"

பறவையாருக்கு அந்த வாதத்தில் பிழை எதுவும் தென்படவில்லை. தன்னுடைய வாதம் போலவே இருந்தது.

மனைவி துறையின் ஊழியர் இல்லை. ஆகவே அவருக்குத் தகுதி எதுவும் தேவைப்படவில்லை. தனியாகவே கிளம்பினார். பறவையார் முப்பத்தொரு விதிகளையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தார்.

"வழியில படிச்சுக்கிட்டே போ."

"சரிங்க" என்று வாங்கிய மனைவி, தலைக்கு வைக்கும் எண்ணெய்ப் புட்டி ஒழுகாமலிருக்க அந்தத் தாளைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

மூன்றாம் நாள், தட்டச்சுப் பிரிவுக்குப் பறவையார் வாய்மொழித் தேர்வு நடத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மனைவி போனை எங்கேயோ நீட்டிப் பிடித்தார். ஒரு சின்னக் குரல் வீல் வீலென்று கத்தியது.

"பேத்தி. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. மூக்கு அப்படியே உங்களுது."

பறவையார் நடைபாதைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். கண்ணைத் துடைக்கக் குனியப் பார்த்தார், கழுத்துத் தலையணை விடவில்லை. அதைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் துடைத்துக்கொண்டார். பிறகு யாரோ வரும் சத்தம் கேட்டு, அவசர அவசரமாக மறுபடி மாட்டிக்கொண்டார்.

அவரைவிட அதிகமாகப் பறந்தவரைத் தேடும் கோப்பு பல துறைகளுக்குப் போயிற்று. எழுத்தர் பழக்கதோஷத்தில் 'பொருள்: பறவையார்' என்று குறித்துவிட்டதால் அது நேரே வனத்துறைக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: 'மேற்படி பறவையின் இனம், அலகின் நீளம், முட்டையிடும் காலம் ஆகிய விவரங்கள் இணைக்கப்படாததால் கோப்பு திருப்பி அனுப்பப்படுகிறது.' அலுவலகம் பறவையாரிடம் விவரம் கேட்டது. அலகின் நீளத்தை மட்டும் தம்மால் இயன்றவரை அளந்து கொடுத்தார்.

நான்காம் மாதம் மனைவி திரும்பி வந்தார். செய்தி இயக்குநரின் காதுக்கு எட்டியதும் அவர் மேசையைத் தட்டினார். "சான்றளிக்கும் அலுவலர் உறவினருக்குச் சான்று தரக் கூடாதுன்னுதானே விதி? உறவினர் அலுவலருக்குத் தரக் கூடாதுன்னு எங்கேயும் இல்லையே! இவர் தலைநகரத்தைத் தாண்டினதில்லை, அவங்க வெளிநாடே போய்வந்த சுதந்திரமான நிபுணர். கூப்பிடுங்க அம்மாவை."

மூன்று பேர் கொண்ட குழு உட்கார்ந்தது. மனைவி காய்கறிப் பையோடு வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை மணி நேரம் முன்னதாப் போனீங்க?"

"டிக்கெட்ல போட்டிருந்த நேரத்துக்குப் போனேன்."

"எந்தப் பக்கத்து இருக்கை?"

"அவங்க காட்டின இருக்கை."

"ஷூ கழட்டுறதுல என்ன நடைமுறையைக் கடைப்பிடிச்சீங்க?"

"செருப்புதான் போட்டிருந்தேன். கழட்டச் சொன்னாங்க, கழட்டினேன். போட்டுக்கச் சொன்னாங்க, போட்டுக்கிட்டேன்."

குழு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள முயன்று முடியாமல் நேராகவே பார்த்தது. "மொத்தத்துல, முதல் தடவையாப் பறக்கிறவங்களுக்கு நீங்க சொல்ற ஆலோசனை என்னம்மா?"

"என்ன ஆலோசனை? ஏறினேன், தூங்கினேன், எறங்கினேன்."

முப்பத்தொரு விதிகளின் ஆசிரியர் மூலையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா, இப்ப நீங்க இவரைப் பரிசோதிக்கணும். என்ன கேள்வி வேணும்னாலும் கேக்கலாம்."

மனைவி கணவரை ஏறிட்டுப் பார்த்தார். "ஏங்க, பேத்தியைப் பாக்கணுமா, வேண்டாமா?"

"பாக்கணும்," என்றார் பறவையார்.

"தேறிட்டார். எங்க கையெழுத்துப் போடணும்?"

பறவையார் அந்த வாரமே பறந்தார். இந்தத் தடவை மனைவியும் பக்கத்தில் இருந்தார். விமான நிலையத்தில் பறவையார் தகுதிச் சான்றிதழைத் தாமாகவே எடுத்து நீட்டினார். கவுண்டரில் இருந்த பெண் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "இது எதுக்குங்க?" என்று கேட்டாள். அங்கே போனதும், மூன்று மாதம் தாண்டிய பேத்தி புது ஆளைப் பார்த்து அழுதாள். பிறகு மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

அவர் ஊரில் இல்லாத அந்த ஒரு மாதத்தில் இயக்குநர் பழைய சுற்றறிக்கையை ரத்து செய்து, நிபுணரின் மூன்று சொற்களையே புதிய விதியாக அறிவித்தார்: 'ஏறுக, தூங்குக, இறங்குக.' கடைப்பிடிக்கப்படுகிறதா என்று ஆராய மேலிடத்திலிருந்து ஆய்வுக் குழு வந்தது. இரண்டு நாள் அலுவலகத்திலேயே இருந்தது. அதன் அறிக்கை ஒரே பத்தி: 'ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இங்கு வாய்ப்பு குறைவு. இடையிலுள்ள விதி மட்டும், சுற்றறிக்கை வருவதற்குப் பல்லாண்டுகள் முன்பிருந்தே, மேல்நிலை கீழ்நிலை வேறுபாடின்றி அனைத்துப் பணியாளராலும் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. இக்குழுவும் இரண்டு நாளும் உடனிருந்து கடைப்பிடித்தது.'

இது என்ன அநியாயம் என்று ஊர்க்காரர் ஒருவர் கொதித்தெழுந்து மனுப் போட்டார். பதிலில்லாவிட்டால் முப்பதாம் நாள் நேரில் வந்து ஒரு கை பார்த்துவிடுவேன் என்றும் எழுதியிருந்தார். பதில் வரவில்லை. முப்பதாம் நாள் அவரும் வரவில்லை. பிறகொரு நாள் தெருவில் பார்த்துக் கேட்டதற்கு, "வரணும்னுதான் இருந்தேன், மத்தியானம் கொஞ்சம் கண் அசந்துட்டேன்" என்றார்.