பர்சன்ட் அண்ணனுக்கு அகப்படாத நிறம்

கடவுள் இந்த உலகத்தைச் சரியாக அச்சடிக்கவில்லை என்பதில் துளிச் சந்தேகமும் இல்லாமல் வாழ்ந்த ஒரே மனிதர் பர்சன்ட் அண்ணன்தான். காலையில் கம்பெனி வேனை விட்டு இறங்கியதும் வானத்தை அண்ணாந்து பார்ப்பார். நாங்களும் பார்ப்போம், மழை வருமா என்று. அவர், "மெஜந்தா இன்னிக்கி கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று சொல்லிவிட்டு, யாரோ ஒரு மெஷின்மேன் செய்த தப்பை மன்னித்துவிட்டவர் போல உள்ளே போவார்.

தொண்ணூற்றொன்றாம் வருடம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் பாதிக்கு மேல் வயலாக இருந்த காலம். அங்கே பிஸ்கட் உறையும் சோப்பு அட்டையும் அச்சடிக்கிற ஒரு தொழிற்சாலையில் எனக்கு டெஸ்பாட்ச் பிரிவில் வேலை. அவர் ஸ்கேனர் ஆபரேட்டர். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். என் மேஜையைத் தாண்டி அட்டைப் பெட்டிகள்தான் போகும், ஆட்களின் பெயர்கள் வராது. முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் பர்சன்ட். என்னைவிட மூத்தவர் என்பதால் எனக்கு பர்சன்ட் அண்ணன்.

ஸ்கேனர் என்றதும் இப்போது மேஜை மேல் புத்தகம் மாதிரி உட்கார்ந்திருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது ஜெர்மன் மெஷின், படுக்கவைத்த இரும்பு பீரோ மாதிரி இருக்கும். உள்ளே கண்ணாடி உருளை. அதன் மேல் படத்தை ஒட்டிவிட்டால் உருளை கிறுகிறுவென்று சுற்றும், ஊசிமுனை வெளிச்சம் ஒன்று படத்தை வரிவரியாகத் தடவிக்கொண்டே போகும். நம் கண்ணுக்கு ஒரே படமாகத் தெரிவதை அது நாலு பிலிமாகப் பிரித்துக் கொடுத்துவிடும். சையான் என்கிற ஒரு தினுசு நீலம், மெஜந்தா என்கிற ரோஸ், மஞ்சள், கறுப்பு. இந்த நாலும் சின்னச் சின்னப் புள்ளிகளாக விழுந்துதான் பிஸ்கட்டும் ரோஜாவும் சிரிக்கிற குழந்தையும் ஆகின்றன. எந்த இடத்தில் எவ்வளவு பெரிய புள்ளி என்பதற்குப் பெயர்தான் பர்சன்ட்.

இந்தக் கணக்கை அவர் மெஷினோடு விட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. கழுத்தில் எப்போதும் ஒரு லென்ஸ் தொங்கும். அதை வைத்து இட்லியைப் பார்ப்பார், அடுத்தவர் கட்டை விரல் நகத்தைப் பார்ப்பார். டீக்கடையில் தினமும் ரகளை.

"மாஸ்டர், நேத்திக்கி இருந்த டீ இது இல்ல. பிளாக் அஞ்சு பர்சன்ட் ஏறிடுச்சி."

"ஏறினா ஏறிட்டுப் போவுது சார். நாக்கால குடிப்பியா, கண்ணால குடிப்பியா?"

"மஞ்சளும் கம்மி."

"மஞ்சத்தூள் போட்டுத் தரேன், குடிக்கிறியா? வந்துட்டாரு காலங்காத்தால!"

அவர் முன்னால் நிறத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. யாராவது தெரியாமல் "சிவப்பு" என்று சொல்லிவிட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். "எந்தச் சிவப்பு? தக்காளியா, செங்கல்லா, நைட் ஷிப்ட் டிரைவர் கண்ணா? வாயில வர்றதெல்லாம் கலர் இல்ல. நம்பரச் சொல்லு!" ராமர் பச்சை, அரக்கு, வெங்காயச் சருகு என்றெல்லாம் புடவைக் கடைக்காரர்கள் சொல்வது அவருக்குக் கொலைக் குற்றம்.

ஒரு நாள் ஒரு ஊதுபத்திக் கம்பெனிக்காரர் தீப்பெட்டி அளவில் ஒரு சாமி படத்தைக் கொண்டுவந்து, இதைப் பெரிய காலண்டராக அடித்துத் தரவேண்டும் என்றார். அண்ணன் லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"ஒரு கரண்டி மாவுல ஊருக்கே தோசை ஊத்தச் சொல்றீங்க. ஊத்தலாம். ஓட்டை ஓட்டையா வரும், பரவால்லியா?"

"ஜெர்மன் மெஷினுன்னாங்களே சார்?"

"ஜெர்மன் கல்லுதான். மாவு உங்களுது. ஒரு அங்குலத்துல எவ்ளோ விஷயம் இருக்குதோ அவ்ளோதான் மெஷின் படிக்கும். இல்லாத மூக்க அது எங்கேருந்து கொண்டாரும்?"

முதலாளியையும் விட்டுவைக்கவில்லை. கலர் கம்ப்யூட்டர் திரை புதிதாக வந்திருந்தது. திரையில் ஜொலித்த பச்சை, அட்டையில் செத்துப்போய் வந்ததைப் பார்த்து முதலாளி கத்தினார். இவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அங்க தெரியறது வெளிச்சம் சார், இங்க விழறது மை. வெளிச்சத்துல சிவப்பு, பச்சை, நீலம் மூணையும் ஒண்ணாக் கொட்டினா வெள்ளை. மைய அப்படிக் கொட்டினா சேறு. வெளிச்சத்துக்கு வர்ற கலர் எல்லாம் மைக்கு வராது." மெஷினுக்காகப் போட்டிருந்த அந்த ஏ.சி. அறையில் முதலாளிக்கு வியர்த்தது.

கல்யாணம் ஆகவில்லை. மறைமலை நகர் பக்கம் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்களாம். "டியூப் லைட்ல பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. கொஞ்சம் வெயிலுக்கு வரச் சொல்லுங்க" என்றாராம். அதற்குப் பிறகு அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போக சொந்தக்காரர்கள் யாரும் துணியவில்லை.

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனிமேல் அப்படி எழுத வராது.

அந்த வருடம் ஆடிக் கிருத்திகைக்கு முதலாளி, வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு வேன் விட்டார். சேரப்பணஞ்சேரியில் குடியிருந்த நானும் என் வீட்டுக்காரரும் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு போனோம். வீட்டில் அவள் பாப்பா. பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு பெயர் வைத்திருந்தோம், அது அவளுக்கே சரியாகத் தெரியாது. பர்சன்ட் அண்ணனும் வந்தார். வேன் ஓசி என்பதற்காக. அந்த வருடம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் கூட்டத்தில் குண்டு வெடித்ததிலிருந்து எங்கள் பக்கம் கூட்டம் என்றாலே எல்லோருக்கும் பயம். நானும் பாப்பாவின் கையை இறுக்கித்தான் பிடித்திருந்தேன். காவடி ஒன்று ஆடிக்கொண்டு வந்தது. ஒதுங்கினோம். என் வீட்டுக்காரர் கையில் இருக்கிறாள் என்று நான் நினைத்தேன். என் கையில் இருக்கிறாள் என்று அவர் நினைத்தார்.

அந்த நிமிடத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. மைக் வைத்திருந்த பந்தலுக்கு ஓடினேன்.

"பேரு இன்னாம்மா? கலரு இன்னா, பாவாடை?"

"பச்சை. பச்சைப் பட்டுப் பாவாடை."

அறிவித்தார்கள். கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் வேறு பக்கமிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து, "நீலப் பாவாடை, மூணு வயசு" என்றார். அதையும் அறிவித்தார்கள். மைக் பிடித்திருந்தவர் என்னைப் பார்த்தார்.

"யம்மா, மொத்தம் எத்தினி புள்ளம்மா காணோம்? ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதாங்க! பச்சை!"

"நீலம்டீ! நான்தானே கட்டிவுட்டேன் காலையில!"

"நான்தானே தெச்சேன்! பச்சைங்க அது!"

பிள்ளையைக் காணாத இரண்டு பேர் ஒரு பந்தலடியில் நின்று பாவாடைக்காகச் சண்டை போட்டோம். கூட்டம் எங்களைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு பர்சன்ட் அண்ணன் வந்தார். கோயிலுக்கும் ஷேடு கார்டு கொண்டுவந்திருந்தார். நாலு மையும் எந்தக் கலவையில் எந்த நிறம் ஆகும் என்று சின்னச் சின்னக் கட்டங்களாக அச்சடித்த விசிறி அது. விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பதறாதம்மா. எந்தக் கட்டம்? கைய வச்சிக் காட்டு."

காட்டினேன். என் வீட்டுக்காரர் வேறொன்றைக் காட்டினார்.

"ரெண்டுக்கும் நடுவுல ஏகப்பட்டது கீது. சையான் நூறு வச்சிக்குவோம். மஞ்சள் எவ்ளோ? அறுபதா, எழுபதா?"

"அண்ணே!" என்று அலறினேன். "என் புள்ளயக் காணோம். என்கிட்ட பர்சன்ட் கேக்கறீங்களே! நல்லாருப்பீங்களா!"

அவர் முகம் அன்றைக்கு வெளுத்த மாதிரி எந்த அட்டையும் வெளுத்து நான் பார்த்ததில்லை. விசிறி மடங்கியது. மெதுவாகக் கேட்டார்.

"துணி எங்கம்மா எடுத்த?"

"காஞ்சிபுரம். என் கல்யாணத்துக்கு எடுத்ததுல மிச்சம்."

"நேரா நின்னு பாத்தா பச்சை. சாஞ்சி பாத்தா நீலம். அப்படியா?"

"ஆமாண்ணே." அந்தத் துணியின் பெயர் எனக்குத் தெரியாதா? கடைக்காரர் சொல்லித்தான் வாங்கினேன். ஆனால் அந்த நேரத்தில் என் பெயரைக் கேட்டிருந்தாலும் எனக்கு வந்திருக்காது.

அவர் பந்தல்காரர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"எல்லாரும் கேளுங்க! மயில் கழுத்து! மயில் கழுத்துக் கலர் பாவாடை! பச்சைன்னு தேடாதீங்க, நீலம்னு தேடாதீங்க. பொம்பளைங்களுக்குத் தெரியும், மயில் கழுத்து!"

எந்த வார்த்தையைக் கேட்டால் காதைப் பொத்துவாரோ அதையே திரும்பத் திரும்பக் கத்தினார். முருகன் கோயிலில் மயில் என்றதும் கூட்டத்தில் பாதி "அரோகரா!" என்றது. "அரோகரா அப்பால போடலாம், மொதல்ல புள்ளயப் பாருங்கய்யா!" என்று மைக்கிலேயே திட்டினார்.

தேங்காய்க் கடை ஓரத்திலிருந்து ஒரு அம்மா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பாப்பாவின் வாயெல்லாம் பொரி.

"நானும் கேட்டுகினுதாம்மா குந்தினு இருந்தேன். மைக்குல பச்சைன்னாங்க, நெழல்ல இது நீலமால்ல இருந்திச்சி. அப்பால நீலம்னாங்க. சரின்னு வெளிய தூக்கியாந்தா வெயில்ல பச்சையா மின்னுது. இன்னாடா வம்பு, இது வேற புள்ள போலன்னு உக்கார வச்சிட்டேன். பேரக் கேட்டா 'பாப்பா'ன்னுது. ஊர்ல எல்லாப் புள்ளையும் பாப்பாதான?"

நான் பிள்ளையை வாங்கினதும் அந்த அம்மா, "முருகந்தான் அந்த மனுசன் வாயில வந்து சொல்லிக்கிறாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "முருகன் இல்லம்மா, ரெண்டு நூலு" என்றார் பர்சன்ட் அண்ணன். "பாவு ஒண்ணு, ஊடை ஒண்ணு. நெடுக்கப் பச்சை, குறுக்க நீலம்." யாரும் கேட்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். அடுத்த வேலை நாள் காலையில் அவர் என் மேஜைக்கு வந்து அந்தப் பாவாடையைக் கேட்டார். மறுநாள் கொண்டுவந்து கொடுத்தேன். என் பிள்ளையைக் கொடுத்தவருக்கு எதைத்தான் கொடுக்கமாட்டேன்? உருளையில் ஒட்டி ஸ்கேன் செய்தார். நீலமாக வந்தது. திருப்பி ஒட்டினார், பச்சையாக வந்தது. குறுக்கே ஒட்டினார், பாசி பிடித்த குட்டை மாதிரி வந்தது. சாப்பாட்டு நேரமெல்லாம் அந்த அறையிலேயே கிடந்தார். பார்க்கப் போனேன்.

"விடுங்கண்ணே. அதான் புள்ள கெடச்சிட்டாளே."

"இந்த மெஷினுக்கு ஒரே கண்ணும்மா. ஒரே வெளிச்சம். நின்ன எடத்துலேருந்தே பாக்குது. புள்ள ஓடுது, பாவாடை ஆடுது, அப்பதான அந்தக் கலரு வரும்? எத்தினி வருசமா நம்பர் நம்பர்னுகினு இருந்தேன், அதுக்கு ஒரு நம்பர் இல்லியே!"

பாவாடையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு வேனை விட்டு இறங்கினால் நேராக உள்ளே போய்விடுவார். டீயை வாங்கிப் பேசாமல் குடித்தார். மாஸ்டரே பயந்துபோய், "சாருக்கு உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று என்னிடம் கேட்டார். ஒரு தடவை பிஸ்கட் உறை கருகிய நிறத்தில் வந்து, மெஷின்மேன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பரவால்ல, போவட்டும்" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் அழுதேன். என் பிள்ளை கிடைத்த அதே இடத்தில் அவர் எதையோ தொலைத்துவிட்டு வந்திருந்தார். அதை எந்தப் பந்தலில் சொல்லித் தேடச் சொல்வது?

பிறகு சின்ன ஸ்கேனர்கள் வந்தன, அவற்றை ஓட்டப் புதுப் பையன்கள் வந்தார்கள். பெரிய மெஷினைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். நான் லீவில் இருந்த ஒரு வாரத்தில் அவர் போய்விட்டார். பம்பாய் என்றார்கள் சிலர். ஊருக்கே போய்விட்டார் என்றார்கள் சிலர். எந்த ஊர் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

பாப்பா இப்போது பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். சாலையைக் கடக்கும்போது இன்னமும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறேன், "அம்மா, என் ஆபீஸ் ஆளுங்க பாக்கறாங்க" என்று உதறுகிறாள். போன வாரம் ஒரு சாயங்காலம் முழுக்க அவள் போனை எடுக்கவில்லை. தூங்கிவிட்டாளாம், அவ்வளவுதான். ஆனால் அவள் குரல் கேட்கிற வரைக்கும் எனக்குப் போலீஸ் நினைவுக்கு வரவில்லை, சொந்தக்காரர்கள் நினைவுக்கு வரவில்லை. அவர் நினைவுதான் வந்தது. மறுநாள், அந்தக் கம்பெனியில் இன்னும் இருக்கிற மெஷின்மேன் ஒருவனுக்குப் போன் போட்டு, அவரை எப்படியாவது தேடிக் கொடு என்றேன்.

"நான் சேர்றதுக்கு முன்னாடி போனவரு மேடம் அவரு. ஆள் எப்படி இருப்பாரு?"

நடுத்தர உயரம் என்றேன். மாநிறம் என்றேன். ஊரில் பாதிப் பேர் நடுத்தர உயரம், மாநிறம். அன்றைக்கு என் பிள்ளைக்காகக் கத்தியபோது அவர் என்ன நிறத்தில் சட்டை போட்டிருந்தார் என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். பெற்றவள் கத்துகிற மாதிரியே 'மயில் கழுத்து' என்று மைக்கில் கத்திய அந்தக் குரலை எந்தக் கூட்டத்திலும் நான் கண்டுபிடித்துவிடுவேன்.