முகமூடிக்குப் போர்த்திய பொன்னாடை

1. ஓபின்னாவின் அப்பா நைஜீரியாவில் இறந்துபோனார்.
2. விசா சிக்கலில் அவனால் ஊருக்குப் போக முடியவில்லை.
3. இங்கே படித்த, அவனைப் போலவே இக்போ இனத்து நண்பர்கள், எங்கள் கல்லூரிக்குப் பக்கத்தில் பிள்ளைச்சாவடியில் சின்ன மண்டபம் ஒன்றைப் பிடித்து, அப்பாவை வழியனுப்ப ஏற்பாடு செய்தார்கள்.
4. மைக்கை என்னிடம் கொடுத்தார்கள்.

முதல் மூன்றையும் தாங்கிக்கொண்டவனை நான்காவது கவிழ்த்தது.

ஓபின்னா என்னோடு எம்.டெக். படித்தவன். கல்லூரியில் எந்த விழா என்றாலும் தொகுத்து வழங்குவது நான்தான் (யாரும் கேட்காவிட்டாலும்). "வரவேற்பு மட்டும் சொல்லு. முகமூடி வந்ததும் மைக்கை வெச்சிடு. அது ஆள் இல்ல, எங்க முன்னோர். உள்ளே யாருன்னு தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது. பொண்ணுங்க சொல்லவே கூடாது," என்றான். தலையாட்டினேன். ஆட்டியது தலை மட்டும்தான்.

இரும்பு மணி ஒலிக்க முகமூடி வந்தது. கறுத்த மரமுகம், உடம்பெல்லாம் நார். இடது காலைச் சாய்த்து ஆடியதுமே கண்டுபிடித்துவிட்டேன். அந்த நண்பர்களில் ஒருவன், பாட்மின்டனில் காலை உடைத்துக்கொண்ட எமேகா. (இதில் எனக்குப் பெருமை வேறு.)

பக்கத்தில் என் அம்மா. "உள்ள யாருடி?"

"எமேகாதாம்மா."

"அந்தப் புள்ளையா? எப்படி வேர்க்கும், பாவம். ஒரு மரியாதை செய்யாம அனுப்புறதா?" பையிலிருந்து பொன்னாடை வெளியே வந்தது. (எங்கள் வீட்டில் எந்தப் பையிலும் ஒன்று கிடக்கும்.)

முகமூடி, இறந்துபோன அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றது. மனிதத் தொண்டையில் வராத குரலில் ஓபின்னாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. சாவுச் செய்தி வந்த நாளிலிருந்து அழாதவன், மண்டிபோட்டு அழுதான். அவர்கள் மொழியில் அப்பா என்று கூப்பிட்டு, ஏதோ சொல்லத் தொடங்கி, மூச்சுவிட நிறுத்தினான்.

மேடையில் அமைதி விழுந்தால் எனக்குப் பொறுக்காது; மைக்கை எடுத்தேன்.

"இவ்வளவு அருமையாக ஆடிய நம்ம எமேகாவுக்கு, என் அம்மா பொன்னாடை போர்த்துவார்."

மணி நின்றது. அம்மா போர்த்தினாள். கைதட்டியதும் அவள் மட்டும்தான்.

ஓபின்னா எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினான். முகமூடியைப் பார்த்து, "எமேகா, போய்த் தண்ணி குடி," என்றான். அவ்வளவுதான், நிகழ்ச்சி முடிந்தது.

இப்போதும் ஹெல்மெட்டோடு யாராவது வாசலில் வந்து நின்றால், "அக்காகிட்ட மைக்க குடுங்க, யாருன்னு சொல்லிடும்," என்பான் என் தம்பி. எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

ஓபின்னா சென்னையில் வேலை பார்க்கிறான். பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புகிறான். இன்னும் ஊருக்குப் போகவில்லை. அன்று அப்பாவிடம் சொல்லத் தொடங்கியதை இன்னும் சொல்லி முடிக்கவில்லை.