முதல் கேப்டன் உட்கார்ந்த நாற்காலி

"இந்த நாற்காலி யாரோடதுங்க?" என்று பார்வையாளர் கூட்டத்தில் ஓர் அம்மாள் கேட்டபோது, வழிகாட்டி அதிலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தார்.

"என்னுதுதாம்மா, முழங்கால் உயிரை வாங்குதுன்னு வீட்டிலேருந்து கொண்டாந்தேன்" என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அம்மாளுக்குப் பின்னால் கிரிக்கெட் சங்கத்தின் செயலாளர் நின்றுகொண்டிருந்தார். மைதான அருங்காட்சியகத்தில் ஊழியர்கள் யாரும் உட்காரக் கூடாது என்று உத்தரவு போட்டவர் அவர்தான். அந்த உத்தரவை அவர் உட்கார்ந்துகொண்டுதான் போட்டார் என்பது வேறு விஷயம்.

"முதல் கேப்டன் உட்கார்ந்ததுங்க" என்றார் வழிகாட்டி.

வாய் தானாக உளறிவிட்டது. தினமும் அதே வாய்தான், அதே வரலாறுதான். ஒரு குளத்தைத் தூர்த்து இந்த மைதானம் வந்தது. அதனால்தான் ஒரு முனையில் பந்து இன்றைக்கும் எழும்பாமல் படுத்துவிடுகிறது. பழைய பெவிலியன் தீப்பிடித்து எல்லாம் சாம்பலானது. மிஞ்சியது கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் கைத்தடி ஒன்றுதான். கால் முறிந்திருந்த முதல் கேப்டன், கடைசி ஆளாக அந்தத் தடியை ஊன்றிக்கொண்டு நடந்துவந்து, ஒற்றைக் காலில் நின்று ஆடி, அணியை ஜெயிக்க வைத்தார். அதற்கப்புறம் அணி ஜெயித்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் கொடியில் கைத்தடி, தொப்பியில் கைத்தடி. இவ்வளவையும் வழிகாட்டி நின்றுகொண்டே சொல்ல வேண்டும்.

கூட்டம் போனதும் செயலாளர் நெருங்கி வந்தார்.

"எல்லாம் தீயில போச்சுன்னுதானே சொல்வீங்க? இது மட்டும் எப்படித் தப்பிச்சது?"

"அன்னிக்கு ரிப்பேருக்குப் போயிருந்தது சார்."

"இவ்வளவு நாளா என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"கிடங்குல கிடந்தது சார். துடைச்சுட்டுக் காட்டலாம்னு இருந்தேன்."

செயலாளர் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் வரிசை வரிசையாகக் கோடுகள். வழிகாட்டியின் மகன் பள்ளிக்கூட நாளில், அம்மா திட்டுகிற ஒவ்வொரு முறையும் காம்பஸ் முள்ளால் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தான்.

"ரன் கணக்கு" என்றார் செயலாளர். கோடுகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுக்க வழிகாட்டிக்குத் தெம்பில்லை. மாலைக்குள் நாற்காலியைச் சுற்றிக் கயிறு கட்டி, "தொடாதீர்கள்" என்று பலகையும் வைத்துவிட்டார்கள். அதன் பக்கத்திலேயே அவர் நின்றார்.

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, நாற்காலி எங்க?"

"ஆபீஸ்ல இருக்கு."

"சாப்பாட்டு மேஜைக்கு இருந்ததே நாலுதான். ஞாயித்துக்கிழமை எங்க அண்ணனும் அண்ணியும் வர்றாங்க. யாரை நிக்க வைக்கறது?"

"நான் நிக்கறேன். எனக்குப் பழக்கம்தான்."

"விளையாடாதீங்க. நாளைக்கே கொண்டாங்க."

மறுநாள் அவர் செயலாளரின் அறைக்குப் போனார். "சார், அந்த நாற்காலியில கரையான் அரிச்சிருக்கு. எடுத்துட்டுப் போய்த் தச்சர்கிட்ட காட்டிட்டு வரட்டுமா?"

செயலாளர் பதறிப்போனார். அன்று மதியமே காற்று புகாத கண்ணாடிப் பெட்டி வந்தது. அதைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இனிமே ஒரு எறும்புகூடப் போகாது" என்றார்.

வழிகாட்டிக்கு அழுகையே வந்தது. வேறு வழியில்லாமல் பாதி உண்மைக்கு இறங்கினார்.

"சார், அது கேப்டனோடதுதானான்னு எனக்கே ஒரு சந்தேகம்."

"சந்தேகம் வர்றது நல்லதுதாங்க. அதைத் தீர்த்துருவோம். உங்களுக்கு முன்னாடி இருந்த பெரியவரைக் கூப்பிடுறேன். இந்த நாற்காலிக்குத் திறப்பு விழா வெச்சு, எல்லார் முன்னாலயும் அவர் வாயாலயே சொல்லட்டும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. பெரியவர் அந்தக் கட்டடத்திலேயே காலம் கழித்தவர். ஒவ்வொரு ஆணியும் அவருக்குத் தெரியும். வேலையை ஒப்படைத்த அன்று, கைத்தடிக்கு முன்னால் இவரை நிறுத்தி, கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து, "வரலாறுல ஒரு வார்த்தை மாறக் கூடாது தம்பி" என்று எச்சரித்தவர். அவர் நாற்காலியை ஒரு பார்வை பார்த்தால் போதும், வேலை போய்விடும். ஓய்வுபெற ஒரு வருஷம்தான் பாக்கி. பென்ஷனும் போய்விடும்.

அன்றைக்கு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்தவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது.

"இவ்வளவு வருஷம் நின்னாச்சு. இன்னும் ஒரு வருஷம் நின்னுட்டு வந்திருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாள்.

விழாவுக்கு அவளும் வந்தாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "பாலிஷ் நல்லா போட்டிருக்காங்க" என்று முணுமுணுத்தாள். செயலாளர், நாற்காலிக்கு அடியில் வைத்திருந்த நிலைக்கண்ணாடியில் தெரிந்த கோடுகளைக் காட்டி, ஒவ்வொரு கோடும் கேப்டனின் வியர்வை என்று பேசிக்கொண்டிருந்தார்.

"அவ்வளவா திட்டியிருக்கேன் அவனை?" என்றாள் மனைவி.

"சும்மா இரு."

பெரியவர் வந்தார். மருமகளின் தோளில் ஒரு கை, சுவரில் ஒரு கை. தூக்கி வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் முகம் சுளித்தது.

"ஐயா, நீங்க சொன்னாதான் எங்களுக்கு வேதவாக்கு. இது முதல் கேப்டனோட நாற்காலிதானா?"

பெரியவர் நாற்காலியைப் பார்த்தார். குனிந்து அடியிலிருந்த கோடுகளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, வழிகாட்டியின் முழங்கால்களை வெகுநேரம் பார்த்தார்.

"இதேதான். இது எங்க போச்சுன்னுதான் நானும் தேடிட்டிருந்தேன்" என்றார்.

கைதட்டல் எழுந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. வழிகாட்டி சுவரில் சாய்ந்துகொண்டார். செயலாளர் எல்லாரையும் தேநீருக்கு அழைத்துக்கொண்டு மாடிக்குப் போனார். மனைவியும் மருமகளும் பின்னால் போனார்கள். பெரியவர் மட்டும் மாடிப்படி ஏற முடியாது என்று நின்றுவிட்டார்.

வழிகாட்டிக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணே, அது எங்க வீட்டு நாற்காலி. கால் வலி தாங்காமக் கொண்டாந்தேன். வரலாறுல ஒரு வார்த்தை மாறக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்த நீங்க, எனக்காகப் பொய் சொல்லிட்டீங்களே. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"நன்றியெல்லாம் வேண்டாம்" என்ற பெரியவர், சுவரைப் பிடித்தபடி மெல்ல நகர்ந்து, கைத்தடி இருந்த கண்ணாடிப் பெட்டியின் மேல் சாய்ந்துகொண்டார்.

"அவங்க கீழே வர்றதுக்குள்ள இந்தப் பெட்டியைத் திறந்து அந்தத் தடியை எடுத்துக் குடு தம்பி. வேலைக்குச் சேர்ந்த புதுசுல கால் சுளுக்குன்னு ஊன்றிட்டு வந்து இங்க சாத்தி வெச்சேன். அன்னிலேருந்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போக விடவே இல்ல."