பைக்குள்ளே இருந்தது பனியன்தானுங்க

எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். வரிசை முக்கியம்.

முதலாவது, பஞ்சப்படி கேட்டேன் என்று பனியன் கம்பெனியிலிருந்து வெளியே தள்ளினார்கள். இரண்டாவது, நொய்யல் ஆற்றில் சாயத் தண்ணீர் விடாதே என்று உண்ணாவிரதம் இருந்தேன். ஏதோ கல்யாணத்துக்கு வேண்டும் என்று பந்தல்காரர் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். நான் வெயிலில் தொடர்ந்தேன். மூன்றாவது, "கருத்து அதிகம்" என்று காரணம் சொல்லிச் சங்கத்திலிருந்தே நீக்கினார்கள். நான்காவது, போன வியாழக்கிழமை என் மகள் கயல்விழி ஒரு பையை நீட்டி, "அப்பா, இதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துருங்க" என்றாள்.

வேலை அவ்வளவுதான்.

பைக்குள்ளே ஆறு பனியன். அவள் எங்கள் ஊர் ராயபுரத்தில் சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறாள். வெளிநாட்டுக்காரர்கள் இப்போது ஹெம்ப் துணி கேட்கிறார்கள். கஞ்சாச் செடி இனம்தான். ஆனால் தண்டிலிருந்து எடுக்கும் நார். போதை கிடையாது. துணி நல்ல துணி.

சாம்பிளைப் பார்க்கவேண்டிய ஏஜென்ட் அவிநாசிபாளையத்துக்கு அந்தப் பக்கம் மாமனார் தோட்டத்தில் இருந்தார். சாயங்காலம் கோவையில் விமானம் ஏறுகிறார். அதற்குள் பார்த்துவிட்டால் ஆர்டர். இல்லாவிட்டால் மகள் பாதி மெஷினுக்குத் துணி போட்டு மூடவேண்டியதுதான்.

"நோட்டீஸ் எதும் குடுத்துறாதீங்கப்பா."

"நானா!" என்றேன்.

பைக்குள்ளே ஒரு கட்டு நோட்டீஸ் வைத்தேன். 'கஞ்சாச் சட்டத்தைத் திருத்து! நார் வேறு, போதை வேறு!' எழுதியது நான்தான். பக்கத்தில் பெரிய பச்சை இலை. வெளிநாடு போகிற ஆள், நாலு பேருக்குக் கொடுக்கட்டுமே!

என் வண்டி பேட்டரி வண்டி. புகை விடாத வாகனம் என்று தெருத்தெருவாகப் பேசிவிட்டுப் பெட்ரோல் வண்டியில் போகமுடியுமா? போனும் அப்படியே. சுதந்திர மென்பொருள். கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்ததை அழித்துவிட்டு, உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் எழுதியதைப் போட்டிருக்கிறேன். அன்று காலையில்தான் புதுப் பதிப்பு ஏற்றினேன். எல்லாம் அருமை. பேசுவதற்கான வசதி மட்டும் அடுத்த பதிப்பில் சரியாகிவிடுமாம்.

அவிநாசிபாளையம் முக்குக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றது. சார்ஜ் காலி. அண்ணாந்து பார்த்தேன். நாலாபக்கமும் காற்றாலைகள் சுகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

தள்ளினேன். முக்கில் ஒரு டீக்கடை. கடைக்காரர் நான் வருவதை ரசித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, பெட்ரோலுங்களா?"

"பேட்டரிங்க. கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கலாங்களா?"

"காலையில இருந்து கரண்ட் இல்லீங்ணா. மராமத்தாமா."

"இத்தனை காத்தாடி சுத்துதுங்களே!"

"அது வெளியூருக்குச் சுத்துதுங்ணா. நமக்குக் காத்து மட்டுந்தான்."

"ஒரு போன் பண்ணிக்கறேன், உங்க போனைக் குடுங்க."

"அதுவும் சார்ஜ் இல்லீங்ணா. உங்க போனுக்கு என்னாச்சு?"

சுதந்திர மென்பொருளை விளக்கினேன். யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் பொது என்றேன்.

"பொதுக் கக்கூஸ் மாதிரிங்களா?" என்றார். "எல்லாரும் போவாங்க, ஒருத்தரும் தண்ணி ஊத்தமாட்டாங்க."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எதிரில் போலீஸ் செக்கிங். பெண் எஸ்.ஐ. ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேர்த்து விறுவிறுத்து, பெரிய பையைக் கட்டிப்பிடித்தபடி, ஓடாத வண்டியோடு நிற்கிற ஆளை நானாக இருந்தாலும் பார்ப்பேன்.

"ஐயா, பைக்குள்ள என்னங்க?"

"பனியன்தானுங்க."

திறந்தார். மேலே இருந்தது நோட்டீஸ் கட்டு. கஞ்சா என்ற எழுத்து, பக்கத்தில் இலை. நோட்டீஸுக்குக் கீழே பனியன். பனியன் டேக்கிலும் அதே இலை!

"பேரு என்னங்க?"

"போராளி செங்கனல்!"

"ஆதார்ல இருக்கற பேருங்க."

"மக்களுக்குத் தெரிஞ்ச பேரு இதுதான்."

டீக்கடைக்காரரைப் பார்த்தேன். அவர் கண்ணாடி டம்ளரைக் கழுவ ஆரம்பித்தார்.

"போன்ல ஆதார் இருந்தாக் காட்டுங்க."

"அந்த மாதிரி செயலி எல்லாம் நான் ஏத்தறதில்லீங்க."

"அப்பறம் உங்க போன்ல என்னதானுங்க இருக்குது?"

"சுதந்திரம்!" என்றேன்.

எஸ்.ஐ. நல்ல மனுஷி. ஒரு பனியனை முகர்ந்து பார்த்தார். உள்ளே வெளியே திருப்பினார். துணிதான் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. "சரி, போங்கய்யா. இந்த நோட்டீஸை மட்டும் உள்ளே வைங்க" என்றார்.

இந்த இடத்தில் எந்த மனிதனும் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பான்.

நான் போராளி!

"அதெப்படிங்க? நடுரோட்டில் ஒரு குடிமகனைச் சந்தேகப்பட்டுவிட்டு, போ என்றால் ஆச்சா? எழுத்தில் வேணும். சோதனை மகஜர் எழுதுங்க! ரெண்டு சாட்சி வைங்க! சட்டம் எனக்கும் தெரியும்!"

"ஐயா, வேண்டாங்க."

"எழுதுங்க!"

அவர் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். இரண்டு வரி எழுதிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கஞ்சாச் செடின்னு நீங்களே நோட்டீஸ்ல எழுதியிருக்கறீங்க. எழுத்துல வந்துட்டா, பையி ஸ்டேசனுக்குப் போயிருமுங்க. பெரிய ஐயா பாத்துத்தான் திருப்பித் தருவாங்க. நாளைக்கோ நாளான்னைக்கோ."

நெஞ்சு இறங்கியது. நாளைக்கு ஏஜென்ட் எந்த நாட்டில் இருப்பாரோ! மகளின் மெஷின்கள் கண்ணுக்குள் வந்து நின்றன.

"அம்மா, எழுதாம விட்ருங்களேன்."

"நீங்கதானுங்களே கேட்டீங்க?"

நாற்பது வருசத்தில் என் கோரிக்கை ஒன்று உடனே ஏற்கப்பட்டது அன்றுதான்.

முதல் சாட்சி டீக்கடைக்காரர். இரண்டாவது சாட்சிக்கு, தாராபுரம் பக்கமிருந்து வந்த ஒரு காரைக் கை காட்டி நிறுத்தினார் எஸ்.ஐ. சட்டை இன் பண்ணிய ஒருவர் இறங்கினார்.

"ஃப்ளைட்டுக்கு நேரமாச்சுங்க மேடம்."

"ரெண்டே நிமிசமுங்க. இந்தப் பொருளைப் பாத்து ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவர் ஒரு பனியனைத் தொட்டார். தொட்டவர் விடவில்லை. தோள் தையலை இழுத்துப் பார்த்தார். டேக்கைப் படித்தார். "இது கயல்விழி யூனிட் சாம்பிளுங்களா? மத்தியானத்துல இருந்து காத்திருந்துட்டு, இப்பத்தானுங்க கிளம்பினேன்!"

அவர்தான் ஏஜென்ட். தோட்டத்திலிருந்து கோவைக்குப் போக அந்த முக்கில்தான் திரும்பவேண்டும்.

"துணி நல்லா விழுகுதே. ரெண்டு வாஷ் போட்டாச் சுருங்குமுங்களா?"

"சுருங்காதுங்க!" என்றேன். எனக்குத் தெரியாது.

"நீங்க சாட்சிங்க," என்றார் எஸ்.ஐ. "யாவாரம் பேசாதீங்க."

ஏஜென்ட் தன் போனில் மகளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். "சாம்பிள் ஓகேங்க. ஆர்டர் உங்களுக்குத்தான். ஆனா இங்கே உங்க ஆளு ஒருத்தர்..."

மகள் அவரை முடிக்க விடவில்லை.

"நோட்டீஸ் குடுத்துட்டாருங்களா?" என்றாள்.

எஸ்.ஐ. போனை வாங்கிக்கொண்டார். "இவரை உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"எங்கப்பாதானுங்க. அவரை விட்ருங்க, நான் வந்து கூட்டிட்டுப் போயர்றேன். தனியா அனுப்பிராதீங்க, வழியில வேற யாராச்சும் போலீஸ் இருப்பாங்க."

"பொருளுக்கு உண்டான ஆளே வந்துட்டாருங்க, பழைய தாளைக் கிழிச்சுப் புதுசா எழுதிக்கறேன். ஆதார்ல அப்பா பேரு என்னங்க?"

சொல்லாதே கண்ணு என்று கையைக் கையை ஆட்டினேன். போனில் எப்படித் தெரியும்? சொல்லிவிட்டாள்.

எஸ்.ஐ. எழுதி முடித்தார். "சட்டப்படி சாட்சிங்களுக்கு வாசிச்சுக் காட்டோணும்" என்று என்னைப் பார்த்துச் சிரிக்காமல் சொல்லிவிட்டு, லாரிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி படித்தார்.

"சோதனை செய்ததில் போதைப்பொருள் ஏதும் இல்லை. பனியன் ஆறு, ஏஜென்ட் வசம் ஒப்படைக்கப்பட்டது. முதியவர் ஒன்று, மகள் வரும்வரை டீக்கடையில் உட்காரவைக்கப்பட்டது. முதியவரின் பெயர், சின்னக்குட்டி."