தேங்காய் எண்ணெயில் ஒரு பனிச்சறுக்கு

'பனிச்சறுக்கில் நல்ல அனுபவம் உள்ளவர்' என்று தன்னைப் பற்றித் தானே இங்கிலீஷில் டைப் அடித்து, தானே கையெழுத்தும் போட்ட ஒரே தாராவிக்காரன் நான்தான். அதுவரை நான் பார்த்த பனி, தாதர் ஸ்டேஷனில் மீன்கூடைக்கு அடியில் ஒழுகிக்கொண்டிருந்த ஐஸ் மட்டும்.

அறுபதுகளின் நடுவில் நடந்த கதை. தாராவியில் எங்களுக்குத் தோல் பட்டறை. 'எங்களுக்கு' என்று நான் சொல்லிக்கொள்வேன். போர்டில் 'சுலைமான் அண்ட் கோ' என்று இருக்கும். சுலைமான் என் மச்சான், என் அக்காவின், அதாவது லாத்தாவின், புருஷன். அந்த 'கோ' நான்தான் என்று ஐந்து வருடமாக மச்சான் என்னை ஏமாற்றி வந்தார். தோல் அறுப்பது, பூட்ஸ் தைப்பது, கடிதம் எழுதுவது, பார்ட்டியிடம் திட்டு வாங்குவது எல்லாம் 'கோ'. மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பது சுலைமான்.

அந்தச் சமயத்தில் காஷ்மீரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மலை மேலே பனிச்சறுக்கு சொல்லிக்கொடுக்கும் ஒரு முகாம். வெளிநாட்டு பூட்ஸ் கிடைக்கவில்லையாம், நீங்கள் செய்வீர்களா என்று கேட்டிருந்தார்கள். அளவுக்கு ஒரு கிழிந்த பூட்ஸும், பூட்ஸ் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு ஜோடி பழைய சறுக்குப் பலகையும் பார்சலில் வந்தன. கடைசி வரிதான் வினை. மாதிரி பூட்ஸைச் சறுக்கத் தெரிந்த ஆளிடம் கொடுத்து அனுப்பவும், அவர் போட்டுச் சறுக்கிக் காட்ட வேண்டும்.

மச்சான் என்னைப் பார்த்தார்.

"ஏல காதரு, உனக்குச் சறுக்கத் தெரியுமால?"

"அது என்ன மச்சான் பெரிய வித்தை? பலகைல ஏறி நின்னா அது தானா கீழ போவுது. நாமளா தள்ளுதோம்?"

"விளையாடாத. பெரிய ஆர்டரு."

"ஆர்டர வாங்கிட்டு வாரேன். வந்தா போர்டுல 'கோ'வ அழிச்சிட்டு என் பேரப் போடணும்."

"வாங்கிட்டு வா. பெயிண்டர நானே கூட்டியாரேன்."

இந்த ஒரு வார்த்தைக்காக அந்தக் கடிதத்தை டைப் அடித்தேன். (பெயர் ஆசை பிடித்தவனுக்கு மூளை வேலை செய்யாது. எனக்கு முன்னாலும் பெரிதாக வேலை செய்ததில்லை.)

ஊரில் பனி இல்லாவிட்டால் என்ன, உப்பு இருந்தது. பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வரும். உதறிய உப்பை எங்கள் சரக்குக் கிட்டங்கியின் மூலையில் குவித்து வைத்திருப்போம். ஆள் உயரக் குவியல். ஈரம், நாற்றம், ஈ. அதன் உச்சியில் ஏறி, பலகையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பலகை அசையவில்லை. லாத்தாவின் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்து அடியில் தேய்த்தேன். அவ்வளவுதான், சர்ரென்று இறங்கி எதிரே அடுக்கியிருந்த ஆட்டுத்தோலில் முட்டி நின்றேன். மொத்தப் பயணம் மூன்று விநாடி. சுவரில் முட்டாமல் இருக்க உடம்பைப் பின்னால் சாய்க்க வேண்டும் என்றும் கண்டுபிடித்தேன். இரண்டு வாரம் இதே வேலை. கடைசியில் எனக்கே ஒரு திமிர் வந்துவிட்டது. பனிச்சறுக்கில் புது முறை கண்டுபிடித்த ஆள் என்று நடக்கும்போதே கால் தரையில் பாவவில்லை.

"தலைக்கு வச்சிருந்த எண்ணெய எவன்ல குடிச்சான்?" என்று லாத்தா கத்தினாள். புறப்படும்போது இன்னொரு பாட்டிலையும் பையில் வைத்துக்கொண்டேன்.

பதான்கோட் வரை ரயில். அப்புறம் இரண்டு நாள் பஸ். வளைவுக்கு வளைவு ஜன்னல் வழியாக நான் சாப்பிட்டதையெல்லாம் காஷ்மீருக்குக் கொடுத்துக்கொண்டே போனேன். முகாமுக்குப் போய்ப் பையைத் திறந்தால் எண்ணெய் வெள்ளைக் கல்லாக இறுகிக் கிடந்தது. அங்கேயாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

முகாம் தலைவர் ஓய்வுபெற்ற மேஜர். மீசைக்குப் பின்னால் கொஞ்சம் முகம் இருந்தது. சொல்லிக்கொடுப்பவர் ஒரு காஷ்மீரி, எல்லோரும் உஸ்தாத் என்பார்கள். மறுநாள் காலை உஸ்தாத் என்னைப் பனியில் கொண்டுபோய் நிறுத்தினார். குனிந்து அள்ளிப் பார்த்தேன். பொடிப்பொடியாக, சாட்சாத் நம் கல்லுப்பு!

உஸ்தாத் இந்தியில் பொறுமையாகச் சொன்னார். "இது வசந்த காலத்துப் பனி. ராத்திரி இறுகும், வெயில் ஏறினால் குழையும். மேலே ஒரு விரல் அளவு இளகியிருக்கும்போது சறுக்கினால் வெண்ணெய் மாதிரி போகும். இப்போது சரியான நேரம், உடனே போ. மதியத்துக்கு மேல் இறங்காதே, கால் புதையும். இரண்டு காலையும் சேர்த்து வை, எடையை இரண்டிலும் சமமாகப் போடு. பின்னால் சாயாதே. சட்டென்று திரும்பாதே, பெரிய வட்டமாகத் திரும்பு." ஈரப்பனிக்கென்று ஒரு மெழுகுக் கட்டியையும் நீட்டினார். பலகைக்கு அடியில் தேய்க்க வேண்டுமாம்.

நான் அதை வாங்கவில்லை. "நம்மகிட்ட பம்பாய் ஃபார்முலா இருக்கு" என்றேன். (இந்தியில் சொன்னேன். எந்த மொழியில் சொன்னாலும் அது முட்டாள்தனம்தான்.)

பிறகு என்ன, அறைக்குள் போய் ஃபார்முலாவை உருக்க உட்கார்ந்தேன். கணப்புச் சட்டி அணைந்து கிடந்தது. பாட்டிலைக் கக்கத்தில் வைத்தேன், வயிற்றில் வைத்தேன், கடைசியில் சமையல்காரனிடம் கெஞ்சி வெந்நீரில் வைத்தேன். எண்ணெய் இளகி, இரண்டு பலகைக்கும் பளபளவென்று பூசி நான் வெளியே வந்தபோது சூரியன் உச்சியில் நின்றது. மேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது பையன்கள் வேடிக்கை பார்க்க வரிசையாக நின்றார்கள். உஸ்தாத் பலகையை மோந்து பார்த்துவிட்டு, "இது தலைக்குப் போடுவதல்லவா?" என்றார்.

"பாருங்க உஸ்தாத், பாருங்க" என்று மேட்டில் ஏறினேன். உந்தினேன்.

மர நிழலில் பனி இறுகியிருந்த பத்தடி தூரம் நான் பறந்தேன். சத்தியமாகப் பறந்தேன். வெயில் பட்ட இடத்தில் பலகை நின்றது. நான் நிற்கவில்லை. முகம் முதலில் போய்ச் சேர்ந்தது. எழுந்து, கிட்டங்கி ஞாபகத்தில் பின்னால் சாய்ந்தேன். பலகையின் பின்பக்கம் சாணியில் இறங்குவது போல இறங்கியது. சட்டென்று திரும்பப் பார்த்தேன். இடது கால் ஒரு தேசத்துக்கும் வலது கால் இன்னொரு தேசத்துக்கும் கிளம்பின. நடுவில் நான் கிழிந்துவிடுவேன் போலிருந்தது. விழுந்தேன். எழுந்தேன். விழுந்தேன். ஏழு தடவை என்று முப்பது பையன்களும் சேர்ந்து சத்தமாக எண்ணினார்கள்.

காலை ஏன் தூக்க முடியவில்லை என்று குனிந்து பார்த்தேன். குளிரில் எண்ணெய் இறுகி, அதில் ஈரப்பனி ஒட்டி, ஒட்டியதில் இன்னும் ஒட்டி, ஒவ்வொரு பலகைக்கு அடியிலும் உருண்டையாகத் திரண்டிருந்தது. உரித்த தேங்காய் சைஸ். லாத்தாவின் எண்ணெய் திரும்பவும் தேங்காயாகிவிட்டது.

எட்டாவது தடவை தலைகீழாக விழுந்தேன். இடுப்பு வரை பனிக்குள். கால் இரண்டும் பலகையோடு ஆகாயத்தில். மேஜர் நிதானமாக நடந்து வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, அது எங்கே இருக்கிறது என்று தேடவும் இல்லை. பூட்ஸைப் பார்த்தார். அடியைத் தட்டினார். தையலை நகத்தால் நெம்பினார். கணுக்கால் பட்டையைப் பிடித்து இழுத்தார். குமாஸ்தாவைக் கூப்பிட்டு, "எழுதிக்கொள்" என்றார்.

"சாப், பைலே மேரேகோ நிகாலோ!" என்று பனிக்குள்ளிருந்து அலறினேன். முதலில் என்னை வெளியே எடுங்கள் என்றுதானே கேட்டேன்?

"ஒரு நிமிஷம்" என்று இன்னொரு காலையும் இழுத்துப் பார்த்தார் அந்த மனுஷன்.

வெளியே எடுத்தார்கள். உஸ்தாத் சிரிக்கவில்லை. அந்த மெழுகுக் கட்டியை என் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பதில் சிரித்திருக்கலாம்.

பம்பாய்க்கு வீங்கிய கணுக்காலோடும், ஆர்டர் போச்சு என்ற கிலியோடும் வந்தேன். வழி சரியில்லை, பனி சரியில்லை என்று மச்சானிடம் சொல்ல ஒரு கதையும் தயார். அதற்கு வேலை இல்லாமல் எனக்கு முன்னாலேயே கடிதம் வந்து சேர்ந்திருந்தது. மச்சான் அதை என் கையிலேயே கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். பட்டறையில் நான் ஒருவன்தானே இங்கிலீஷ் படித்தவன்.

படித்தேன். ஆர்டர் உறுதி. 'உங்கள் பூட்ஸை இந்த முகாம் இதுவரை கண்டதிலேயே மோசமான சறுக்குக்காரர் போட்டுச் சோதித்தார். அவர் தாங்கவில்லை. பூட்ஸில் ஒரு தையல்கூட விடவில்லை. பூட்ஸை மட்டும் அனுப்பவும், ஆளை மறுபடி அனுப்ப வேண்டாம்.'

பட்டறையில் உளி ஓசை நின்றது. அப்புறம் சிரிப்பு நிற்கவில்லை.

மச்சான் பெயிண்டரைக் கூட்டி வரவில்லை. கண்ணாடிச் சட்டம் போடுபவனைக் கூட்டி வந்தார். அந்தக் கடிதம் இன்றும் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. பூட்ஸ் உழைக்குமா என்று எவன் கேட்டாலும் மச்சான் அதைக் காட்டுவார், பிறகு என்னைக் காட்டுவார். வந்தவன் என் காலைப் பார்ப்பான். டிசம்பரில் பாட்டிலில் எண்ணெய் உறைந்துவிட்டால் போதும், "காதருக்குச் சறுக்குற சீசன் வந்துட்டு" என்று லாத்தா அதை என்னிடம்தான் நீட்டுவாள்.

போர்டில் இன்னும் 'கோ'தான். ஒரு தடவை கோபம் தாங்காமல் கேட்டே விட்டேன்.

"வாக்குக் கொடுத்தீங்களே மச்சான், ஆர்டர் வந்துச்சா இல்லையா?"

மச்சான் டீயை உறிஞ்சிவிட்டு, கல்லாவுக்கு மேலே கையைக் காட்டிச் சொன்னார். "உன் பேர போர்டுல போட்டா மழைல அழிஞ்சிரும்ல. இது கண்ணாடிக்குள்ள இருக்குலா, அழியவே செய்யாது."