இரண்டு சென்டிமீட்டர் தோஷம்

ஞாயிற்றுக்கிழமை காலை, மண்ணூர்பேட்டைக் கொட்டகை வாசலில் ஆஜரானவர்கள்:

தரையைத் தொடாத குறையாகத் தாழ்த்தப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்கள், ஒன்பது.

அவற்றின் சொந்தக்காரர்கள், ஒன்பது பேர். வேகத்தடையை நேராகக் கடக்க முடியாமல் நண்டு மாதிரிக் குறுக்கே ஏறி இறங்கிப் பழகியவர்கள்.

கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தவர்கள், சுமார் நாற்பது பேர்.

எலுமிச்சம்பழம், ஒரு மூட்டை.

மேசை போட்டு டோக்கன் கிழிக்கும் தாயம்மா.

தாயம்மாவின் கணவரும், இந்தப் பூவுலகில் இருக்கும் ஒரே சஸ்பென்ஷன் சித்தருமாகிய வேம்புலி சாமிகள்.

சிந்தனை மட்டும் வரவில்லை. டோக்கன் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்புவரை வேம்புலி பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். ஜாக்கி தூக்கித் தூக்கி ஞானம் வந்துவிட்டதாம். காரின் முன்பக்கம் புருஷன், பின்பக்கம் பொண்டாட்டி என்பது அவர் கண்ட வேதம். பின்பக்கம் உயர்ந்து நின்றால் வீட்டில் பெண் ராஜ்யம், குடும்பம் விளங்காது. ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் வளையத்தைத் திருகினால் உயரம் ஏறும், இறங்கும் என்று தெரிந்த மெக்கானிக்குகள் அம்பத்தூர் எஸ்டேட் முழுக்க இருந்தார்கள். ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அற்புதம் இப்படி நடக்கும். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை சாமி அளப்பார். பின்பக்கம் முப்பத்தைந்து சென்டிமீட்டர். ஜாக்கியில் தூக்கி, காரின் வயிற்றில் விபூதி அடித்து, இறக்குவார். மறுபடி அளப்பார். முப்பத்தேழு! மறைந்திருந்த தோஷம் தலைதூக்கிவிட்டது! கூட்டம் வாயைப் பிளக்கும். உடனே நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். முன்னும் பின்னுமாக மூன்று தரம் தள்ளச் சொல்வார். பழம் நசுங்கும். அளப்பார். முப்பத்தைந்து! தோஷம் பணிந்தது! கைதட்டல்.

முப்பத்தைந்தில் வந்த கார் முப்பத்தைந்தில் திரும்பிப் போனது. அதை ஒருவனும் கவனிக்கவில்லை.

ஆறாவது டோக்கன் கோகுல்நாத்துடையது. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கித் தாழ்த்தி, தேவிப்பிரியாவைக் கல்யாணம் செய்துகொண்டு எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் அவனுக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. காரணத்தைத் தன்னிடம் தேடுவது அவன் வழக்கமில்லை.

அவன் காரும் ஜாக்கியிலிருந்து இறங்கியதும் முப்பத்தைந்து முப்பத்தேழு ஆனது. அளந்ததும் சாமி கண்ணை மூடினார்.

"நைனா, உனுக்குப் பழம் பத்தாது. இது பொம்பள தோஷம். அந்தப் பொண்ணு உன் ஊட்ல கீற வரிக்கும் பின்னாடி ஏறிகினேதான் கெடக்கும். தாய் ஊட்டுக்கு அனுப்பிடு."

"எத்தினி நாளைக்கு சாமி?"

"பின்பக்கம் தானா எறங்குற வரிக்கும்."

"எறங்கலன்னா?"

"அங்கியே கெடக்கட்டும்."

தேவிப்பிரியா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவளைப் பற்றிய தீர்ப்பு அவளுக்குத் தெரியவேண்டியதில்லை என்பதுபோலவே இருவரும் பேசினார்கள். டிக்கிக்குள் விபூதி போட வேண்டும், திற என்றார் சாமி. கோகுல்நாத் தயங்கித் தயங்கித் திறந்தான். உள்ளே ஒரு பெட்டி.

"இது என் பெட்டியாச்சே" என்றாள் தேவிப்பிரியா.

கோகுல்நாத் வானத்தை ஆராய்ந்தான். "நெமிலிச்சேரில உங்கம்மா ஊடு இன்னா தூரமா தேவி? ரயில் ஏறுனா கொஞ்ச நேரம்..."

"தூரத்தை யாரு கேட்டா? எப்ப கட்டுன?"

"நேத்து சாயங்காலம்."

"ஜாக்கி இன்னிக்குத்தானே தூக்குனாரு?"

கோகுல்நாத் மறுபடி வானத்தை ஆராயப் போய்விட்டான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் உதிரிப் பாகங்களின் அளவைச் சரிபார்ப்பது அவள் வேலை. கைப்பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்தாள்.

"சாமி, பழம் வேணாம். சும்மா தள்ளிப் பாக்கலாமா?"

"ஐயோ! பழம் இல்லாம தள்ளுனா ஸ்பிரிங் வெடிச்சி உம் புருஷனுக்குக் கை கால் இழுத்துக்கும்!"

"அது என் புருஷன் கவலை." திரும்பினாள். "அண்ணாத்தே, நீங்க கொஞ்சம் வாங்க."

அடுத்த டோக்கன்காரர் தமிழரசு; நெற்றியில் சாமி இட்ட பட்டையோடு நின்றவர். சாமி வாக்கு பொய்யாகாது என்ற நம்பிக்கையில் துணிந்து வந்தார். ஒருவன் பெட்டியை வெளியே எடுக்கப் போனான்.

"அது உள்ளயே கெடக்கட்டும். எடுத்தா கனம் மாறும். நானும் இங்கியேதான் நிப்பேன்" என்றாள் தேவிப்பிரியா.

தள்ளினார்கள். மூன்று தரம். பழம் இல்லை, மந்திரம் இல்லை. டேப்பைப் பிடித்துத் தமிழரசையே படிக்கச் சொன்னாள். அவர் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"முப்பத்தஞ்சு."

"நான் எங்கியாச்சும் போயிட்டேனா?"

"இல்லம்மா, இங்கதான் கீறே."

"சரி. இப்ப ஜாக்கியில தூக்கி எறக்குங்க. சக்கரத்துக்கு முன்னாடி பழம் வைங்க. தள்ளக்கூடாது. சாமி மந்திரம் சொல்லட்டும்."

சாமிக்கு வேறு வழியில்லை. நாற்பது கைப்பேசிகள் பார்த்துக்கொண்டிருந்தன. சொன்னார். உரக்கச் சொன்னார். வியர்க்க வியர்க்கச் சொன்னார். பத்து நிமிடம் கழித்துத் தமிழரசு குனிந்தார்.

"முப்பத்தேழு. ஒரு நூல்கூட எறங்கல சாமி."

"ஞாயித்துக்கெழமை மந்திரத்துக்கு வேகம் கம்மி" என்றார் வேம்புலி. அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே பூஜை செய்பவர்.

தேவிப்பிரியா சொன்னாள்: "காரைத் தூக்குனா சக்கரம் தொங்கும். தொங்கும்போது கொஞ்சம் உள்பக்கமா இழுத்துக்கும். எறக்குனா டயர் தரையைக் கவ்விக்கும், பழையபடி விரிய முடியாது. அதான் கார் ஒசந்து நிக்கிது. நாலடி உருட்டுனா விரிஞ்சி, தானா ஒக்காந்துடும். அதனாலதான் உயரம் வைக்கிறவங்க உருட்டிட்டு அளப்பாங்க. பஞ்சர் ஒட்டும்போதே இவரு இதைப் பாத்துட்டாரு. நீங்க பாக்கல, அவ்ளோதான்."

"அப்போ என் கார் எப்பவுமே முன்பக்கத்தவிட பின்பக்கம் ஒரு சென்டிமீட்டர் தூக்கிகினு கீதே, அது?" என்றான் கோகுல்நாத்.

"பின்னாடி ஆளு ஒக்காந்தா எறங்கும்ல? அதுக்குத்தான் தூக்கி வெச்சிருக்கு."

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு குரல்: "யோவ் சாமி! உன் குட்டியானை பின்னாடி அரை அடி தூக்கிகினு நிக்கிதே. உன் ஊட்ல யாரு ராஜ்யம்?"

எல்லாரும் திரும்பினார்கள். கொட்டகை ஓரத்தில் சாமியின் சின்னச் சரக்கு வண்டி, பிட்டத்தை உயர்த்திக்கொண்டு நின்றது.

"என் ராஜ்யம்தான், அதுக்கின்னா இப்போ?" என்றாள் தாயம்மா மேசையிலிருந்து.

சிரிப்பு வெடித்தது. அந்தச் சத்தத்துக்குள் வேம்புலி குட்டியானையில் ஏறி மறைந்தார். அவசரத்தில் தாயம்மாவைக்கூட ஏற்றிக்கொள்ளவில்லை. கோபப்பட்ட பக்தர்கள் எலுமிச்சம்பழ மூட்டையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஜூஸாவது மிச்சம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நம் மக்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதியிருப்பேன். தமிழரசு நெற்றிப் பட்டையை அழித்துவிட்டு, தேவிப்பிரியா முன்னால் கையைக் கூப்பினார்.

"அம்மா, என் காரையும் ஒரு தபா பாத்து அருள் பண்ணும்மா."

அவருக்குப் பின்னால் வரிசை தயாராக இருந்தது.

"அருள் கடையிலேயே விக்கிது அண்ணாத்தே. டேப்புன்னு கேளுங்க, குடுப்பான்."

டிக்கியிலிருந்து தன் பெட்டியை எடுத்தாள். கார் சாவி கோகுல்நாத்திடமே இருந்தது. வீட்டுச் சாவி அவளிடம். ஷேர் ஆட்டோவில் ஏறினாள். அவன் பின்னாலேயே ஓட்டி வந்தான். வீட்டு வாசலில் அவன் இறங்கும்போது அவள் பெட்டியோடு உள்ளே போய்விட்டிருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது.

"தேவி, தப்புதான். அந்தாளு பேச்சைக் கேட்டுட்டேன்."

"அந்தாளு உன்னை ஏமாத்துனான், சரி. பெட்டியைக் கட்டுனது யாரு?"

அவன் கார் சாவியை விரலில் சுற்றினான்.

"நான் ஊட்ல கீறதால உனுக்கு இன்னா கெட்டுச்சின்னு, யாராண்டயும் கேக்காம நீயே ஒக்காந்து யோசி."

"யோசிச்சிட்டு?"

"யோசிச்சிப் பழகு மொதல்ல."

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. அதன் மேல் சாவியும் இரண்டு சுற்றுத் திரும்பியது.