ஐஸ்காரர் வருமுன் பங்கிட்ட இலாபம்

வெட்கப்படும் மனிதனிடம் பொதுப்பொறுப்பைக் கொடுக்கக்கூடாது. தெரியாது என்று சொல்லவும் அவனுக்கு வெட்கமாக இருக்கும்.

சுனாமிக்கு அடுத்த வருடம், பனிச்சங்கேணியில் மிஞ்சியவர்கள் சேர்ந்து ஒரு மீனவர் சங்கம் தொடங்கினோம். ஐந்தாம் வகுப்புவரை படித்திருந்த என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். (கையெழுத்து அழகு. வேறு தகுதி கிடையாது.) கணக்குக் கொப்பியில் எனக்கு ஒரே விதி: காசு கைக்கு வந்தால் வரவு, கையை விட்டுப் போனால் செலவு.

இறாலைப் பழுதாகாமல் வைக்கத் தினமும் ஐஸ் எடுப்போம். அமாவாசை கழிந்துதான் அந்த மாதத்து ஐஸுக்குக் காசு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வருடக் கூட்டமோ அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னதாக வந்தது. இறால் விற்ற காசு பெட்டி நிறைய இருந்தது. எழுந்து, நிலத்தைப் பார்த்தபடி அவ்வளவையும் இலாபம் என்று வாசித்தேன். கைதட்டினார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல்.

அன்றே பங்கு பிரித்தோம். கணவனைக் கடலுக்குக் கொடுத்த பாக்கியம் அக்கா தன் பங்கோடு நேரே தகரக் கடைக்குப் போனார். அவர் அடுப்பு வைத்திருந்த குசினிக்குக் கூரை இல்லை.

மூன்றாம் நாள், அமாவாசை கழிந்ததும், நாங்கள் காக்கா (அண்ணன்) என்று கூப்பிடும் ஓட்டமாவடி ஐஸ்காரர் வந்தார். பெட்டியில் சில்லறைதான் கிடந்தது.

"காசு இன்னும் குடுக்கல்லத்தானே காக்கா, அதான் செலவில போடல்ல," என்றேன்.

அவர் பெட்டியை மூடினார். "ஐஸ எடுத்த அண்டைக்கே செலவு வந்திட்டு மனே. நான் காசு வாங்கிறதுதான் மறுகா, அமாவாசைக்குப் பொறகு. கரைஞ்ச ஐஸ என்னெண்டு திருப்பித் தருவாய்?"

காசு வராவிட்டால் நாளை முதல் ஐஸ் இல்லை என்றும் சொன்னார். ஐஸ் இல்லையென்றால் இத்தனை குடும்பத்தின் உழைப்பும் நாறிப்போகும்.

பங்கைத் திருப்பிக் கேட்டு வீடு வீடாகப் போனேன். பாக்கியம் அக்காவின் வேலிப் படலையில் நின்று மூன்று தரம் இருமினேன்.

"என்ன தம்பி, இன்னும் இலாபம் மிஞ்சிப் போச்சா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். புதுத் தகரங்களைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக நானே வண்டி பிடித்தேன். அந்த மாரி முழுக்க அவருடைய அடுப்பு நனைந்தது. (நான் வேய்ந்து கொடுத்த தென்னோலைக் கிடுகும் ஒழுகியது.) அதன்பிறகு ஐஸ் எடுத்த நாளிலேயே செலவை எழுதினேன். கைதட்ட யாரும் இல்லை.

நாட்டுச் சண்டை முடிந்து சில வருடங்களில் அவருடைய மகளுக்குக் கல்யாணம். காசு வைத்த உறையை நீட்டினேன். வாங்கியவர் அதைப் பிரிக்கவில்லை.

"இத இப்ப தொடமாட்டன் தம்பி. முதல்ல ஐஸ்காரர் வந்து போகட்டும்."

பந்தலே சிரித்தது. இப்போது எங்கள் வீட்டில் எந்த நல்ல செய்தி வந்தாலும் என் மனைவி அதைத்தான் சொல்கிறாள். நானும் இரண்டு நாள் பொறுத்துத்தான் சந்தோஷப்படுகிறேன்.